சீனியை விட்டோம், கொழுப்பு நம்மை விட்டதா?



செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றி நம்மிடம் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது ஹலாலா?" கேட்க வேண்டிய கேள்விதான். சுக்ரலோஸ் சீனியிலிருந்தே செய்யப்படுகிறது. ஸ்டீவியா ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுகிறது. அஸ்பார்டேம் இரண்டு அமினோ அமிலங்களின் சேர்க்கை. மாத்திரைக்கு உருவம் கொடுக்கச் சேர்க்கப்படும் மற்றப் பொருள்களை உறையில் படித்துப் பார்த்து, ஐயம் எழுந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். இங்கே நாம் எடுத்துக்கொள்வது, பெரும்பாலும் எவரும் கேட்காமல் கடந்துபோகும் இரண்டாவது கேள்வியை. எதற்காகக் காசு கொடுத்து இதை வாங்குகிறோமோ, அதை இது செய்கிறதா? உடற்கொழுப்பைக் குறைக்கிறதா?

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம். உறவில் எங்களுக்கு மச்சான். வயது நாற்பதைத் தொடவில்லை. வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுக்கப் போனவரிடம், கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார்கள். இடுப்புச் சுற்றளவு 41 அங்குலம். எடையைக் குறைக்காவிட்டால் அடுத்து வருவது சர்க்கரை நோய் என்று மருத்துவர் எச்சரித்தார். அவருடைய வாப்பாவும் பெரிய வாப்பாவும் அந்த நோயோடு வாழ்ந்து, கால் விரல்களை இழந்தவர்கள். ஆகவே மச்சான் அஞ்சினார். அன்று மாலையே கடைக்குப் போய் இனிப்பூட்டிச் சொட்டு மருந்து போன்ற ஒரு புட்டியை வாங்கி வந்தார். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றிருந்த மனிதர், ஒரே நாளில் சீனியை முற்றாக விட்டார். வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பின் குடிக்கும் குளிர்பானம் டயட் கோலாவாக மாறியது. வீட்டில் அனைவரும் அவருடைய மனவுறுதியை மெச்சினோம்.

ஆறு மாதம் கழித்து எடை பார்த்தார். ஒரு கிலோ குறைந்திருந்தது. இடுப்பு அதே 41 அங்குலம். அன்றிரவு அவர் அந்தப் புட்டியைக் குப்பையில் போட்டார். அதோடு நின்றிருந்தால் நாம் இதை எழுதியிருக்க மாட்டோம். "என்ன செஞ்சாலும் குறையாத உடம்பு இது, அல்லாஹ் விட்ட வழி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலைத் தேநீருக்கு மூன்று கரண்டி சீனி கேட்டார். இனிப்பூட்டியால் அவர் உடம்புக்கு ஏதேனும் கேடு நேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. ஆனால், அதன்மீது வைத்த அளவுக்கு மீறிய நம்பிக்கை அவருடைய முயற்சியையே முறித்துப் போட்டதைக் கண்ணால் கண்டோம். முயற்சியைக் கைவிடுவதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டிக்கொள்வதும் நம்மிடையே புதிதல்ல.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். அதில் 16 கலோரி. நாளுக்குப் பத்துக் கரண்டியை விட்டால் 160 கலோரி மிச்சம். மாதத்துக்கு 4,800. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி சேமிக்கப்பட்டிருப்பதாகக் கணக்கிடுவார்கள். அப்படியானால் மாதத்துக்கு 600 கிராம், ஆறு மாதத்தில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததோ ஒன்று. எடை குறையக் குறைய உடல் தன் செலவையும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் இத்தனை பெரிய பள்ளத்தை அது நிரப்பாது. மிச்சம் எங்கே போயிற்று?

விடை எங்கள் மாமியிடம் இருந்தது. சீனியில்லாத தேநீரை மகனுக்கு நீட்டும்போதெல்லாம் அவர் மனம் கேட்காது. "சீனியத்தான் விட்டுட்டியே வாப்பா, இன்னும் ஒரு வடை தின்னேன்" என்பார். மகனும் அந்த நியாயத்தை ஏற்றுக்கொள்வார். நடுத்தர அளவுள்ள ஓர் உளுந்து வடையில், அது குடித்த எண்ணெயோடு சேர்த்து, நூறு கலோரிக்குக் குறையாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு வடை கூடினால் பத்துக் கரண்டி சீனியின் கணக்கு முடிந்தது. டயட் கோலாவும் அப்படித்தான். அதில் கலோரி இல்லை என்ற நிம்மதியில், சஹனில் இன்னொரு கரண்டி பிரியாணி ஏறும். நாலு பேர் ஒரே தட்டில் உண்ணும் நம் சஹன் சாப்பாட்டில் யார் எவ்வளவு உண்டார் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே வெளிச்சம். மாமியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் வீடுகளில் அன்பு என்பது தட்டில் வைக்கப்படும் பொருள். இனிப்பூட்டி அந்த அன்புக்கு ஓர் அனுமதிச் சீட்டாக ஆகிவிட்டது என்பதைத்தான் சொல்கிறோம்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டுமா என்று கேட்கலாம். உலக அளவில் நடந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே வேறு மொழியில் சொல்கின்றன. 2023 மே மாதம் 15ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சீனியல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் சாரம். அந்த முடிவுக்காக அவர்கள் திரட்டிய ஆய்வுகளில், மக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த சோதனைகளில், இனிப்பூட்டி எடுத்தவர்களின் எடை சராசரியாக 0.71 கிலோ குறைவாக இருந்தது. முக்கால் கிலோகூட இல்லை. அவற்றில் பெரும்பாலானவை மூன்று மாதத்துக்குட்பட்ட சோதனைகள். எடையைத் தவிர்த்து உடற்கொழுப்பை அளக்கும் மற்ற அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. மச்சானின் ஒரு கிலோ உலகச் சராசரியை விடச் சற்று நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும்!

இதே வழிகாட்டுதலைக் காட்டி, "டயட் கோலா குடித்தால் உடம்பு பெருக்கும், சர்க்கரை நோய் வரும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளையும் நாம் அப்படியே ஏற்கவில்லை. பல ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், இனிப்பூட்டி அதிகம் பயன்படுத்துவோரிடையே பருமனும் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால், ஏற்கெனவே எடை கூடியவர்களும் சர்க்கரை நோய் வருமோ என்று அஞ்சுபவர்களும்தானே அதை முதலில் வாங்குகிறார்கள்? குடையோடு செல்பவர்கள் அதிகமாயிருக்கும் நாளில் மழையும் அதிகமாயிருக்கிறது என்பதால், குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனமும் இந்தச் சிக்கலை அறிந்தே, தன் பரிந்துரையை நிபந்தனைக்குட்பட்டது என்ற வகையில் வைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் தெளிவாகக் கூறியிருக்கிறது. அந்த வரியை நம்மவர்கள் பலர் படிப்பதே இல்லை. இன்சுலின் போடும் பெரியவர் ஒருவர், செய்தியைப் பார்த்துப் பயந்து இனிப்பூட்டியை விட்டு மீண்டும் சீனிக்குத் திரும்பினால் அது பெரும் தவறு.

இனிப்பூட்டிக்குச் சாதகமான சான்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நெதர்லாந்தில் 641 பள்ளிப் பிள்ளைகளிடம் பதினெட்டு மாதம் நடந்த சோதனை 2012இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 250 மில்லி சீனிப் பானம். மறு பகுதியினருக்கு அதே சுவையில் சீனியற்ற பானம். யாருக்கு எது என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது. சீனிப் பானம் குடித்த பிள்ளைகள் 7.37 கிலோ எடை கூடினார்கள், மற்றவர்கள் 6.35 கிலோ. உடலில் கொழுப்புச் சேர்வதும் இரண்டாவது குழுவில் குறைவாகவே இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, தமக்குக் கிடைப்பது எது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதைத்தான். "சீனியை விட்டுவிட்டோம்" என்ற எண்ணம் அவர்களுக்கு எழ வழியில்லை. ஆகவே, "இன்னொரு வடை தின்னலாம்" என்ற கணக்கும் எழவில்லை. கழித்தது கழிந்ததாகவே நின்றது. நம் வீட்டிலோ, கழித்த கையாலேயே கூட்டிவிடுகிறோம்.

தண்ணீரோடு ஒப்பிட்டால்? இங்கே இரண்டு சோதனைகள் எதிரெதிரே நிற்கின்றன. அமெரிக்காவில் 303 பேர் ஓராண்டு எடைகுறைப்புப் பயிற்சியில் இருந்தார்கள். டயட் பானம் குடித்தவர்கள் 6.21 கிலோவும், அவற்றை விட்டுத் தண்ணீர் குடித்தவர்கள் 2.45 கிலோவும் குறைந்தார்கள். அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பான நிறுவனங்களின் சங்கம். டெஹ்ரானில் நடந்த மற்றொன்றில், டயட் பானத்துக்குப் பழகிய பெண்கள் பகல் உணவுக்குப் பின் அதற்குப் பதிலாகத் தண்ணீர் குடித்தார்கள். 24 வாரத்தில் அவர்கள் 8.8 கிலோவும், பழையபடி டயட் பானம் குடித்தவர்கள் 7.6 கிலோவும் குறைந்தார்கள். எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால், இரண்டிலும் இரு சாராருமே எடை குறைந்தார்கள். இரண்டிலும் இரு சாராருக்குமே உணவுக் கட்டுப்பாட்டுத் திட்டம் இருந்தது. பெரும்பகுதி வேலையைச் செய்தது தட்டு, குவளை அல்ல.

நமக்கு மிக அருகில், சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் செய்த சோதனை 2024இல் வெளியானது. வேறெங்கோ கோலா குடிப்பவர்களைப் பற்றியது அல்ல அது. நம்மைப் போலவே காப்பியும் தேநீரும் குடிப்பவர்களைப் பற்றியது. சர்க்கரை நோயுள்ள 179 பேர், 12 வாரம். ஒரு சாரார் காப்பி, தேநீரில் சேர்க்கும் சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் சேர்த்தார்கள். மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரை அளவில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. உடல் எடையிலும் இடுப்புச் சுற்றளவிலும் சிறிதளவு முன்னேற்றம் இருந்தது. எடையில் 0.3 கிலோ, இடுப்பில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தீங்கில்லை, சிறு நன்மை உண்டு, அதிசயம் இல்லை. நம் தேநீருக்குப் பொருந்தும் நியாயமான விடை இதுதான் என்று கருதுகிறோம்.

எல்லா இனிப்பூட்டியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், எடை கூடிய 154 பேர் 12 வாரம் ஐந்து வகை இனிப்புப் பானங்களைக் குடித்தார்கள். சீனி குடித்தவர்களுக்கு எடை ஏறியது. கலோரியே இல்லாத சாக்கரின் குடித்தவர்களுக்கும் ஏறியது! சுக்ரலோஸ் குடித்தவர்களுக்கு ஏறவில்லை. "இனிப்பூட்டி நல்லதா கெட்டதா" என்று ஒரே சொல்லில் கேட்பது, "இறைச்சி நல்லதா கெட்டதா" என்று கேட்பது போலத்தான்.

சாக்கரின் என்ற பெயர் நம்மில் மூத்தவர்களுக்குப் புதிதல்ல. "குச்சி ஐஸ்ல சாக்கரின் போடுறான், வாங்காதே" என்று உம்மா அதட்டியது நினைவிருக்கலாம். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்பவர், கை கழுவாமல் உணவுக்கு உட்கார்ந்ததால் ரொட்டி இனித்தது. அப்படித்தான் சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டது. (உண்ணுமுன் கை கழுவும் நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்திருக்காது.) 1965இல் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர், தாளை எடுக்க விரலை நக்கியபோது அஸ்பார்டேம் கிடைத்தது. 1976இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த இந்தியரான சசிகாந்த் பட்னிஸ், பொருளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னதைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னதாகக் காதில் வாங்கிக்கொண்டு சுவைத்துவிட, சுக்ரலோஸ் கிடைத்தது. இந்த மூவரில் எவரும் தொப்பையைக் குறைக்கும் பொருளைத் தேடவில்லை. தேடாமல் கிடைத்த ஒரு சுவைக்கு, கொழுப்பைக் கரைக்கும் ஆற்றலைப் பிற்காலத்து விளம்பரங்கள்தாம் ஏற்றிவைத்தன.

புற்றுநோய் அச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2023 ஜூலையில் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை அஸ்பார்டேமை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் சேர்த்தது; சான்று வலுவானதல்ல என்றும் கூறியது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனத்தின் உணவுச் சேர்க்கைக் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. எழுபது கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, நாளுக்கு ஒன்பது முதல் பதினான்கு டின்னுக்கு மேல் டயட் பானம் குடிக்க வேண்டியிருக்கும். வேறெந்த வழியிலும் அஸ்பார்டேம் உட்கொள்ளாதவர்களுக்கான கணக்கு அது. தேநீரில் இரண்டு மாத்திரை போடும் பெரியவரை இதைச் சொல்லி அச்சுறுத்த வேண்டியதில்லை.

உண்மையான இடர் சமையலறையில் இருக்கிறது. 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று எழுதிய ஒரு பெட்டி இனிப்பு வீட்டுக்குள் வரும்போது, சர்க்கரை நோயுள்ளவரும் எடை குறைக்க விரும்புபவரும் அதை மருந்துபோல் உண்ணத் தொடங்குகிறார்கள். அதிலுள்ள நெய்யும் முந்திரியும் மாவும் எங்கே போயின? ஒரு கிராம் சீனியில் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9. வட்டிலப்பத்தில் சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் சேர்த்தாலும் முட்டையும் தேங்காய்ப்பாலும் அப்படியே இருக்கின்றன. தொதலிலும் அப்படித்தான். (அஸ்பார்டேம் நீண்ட நேரக் கொதியில் இனிப்பை இழந்துவிடும் என்பது அறியாமல், பாயசத்தோடு சேர்த்துக் காய்ச்சிவிட்டு, "இனிக்கவே இல்லையே" என்று இன்னும் நாலு மாத்திரை போட்டவர்களை அறிவோம்.)

சீனியை விட்டுத் தேனுக்கு மாறியவர்களும் நம்மிடையே ஏராளம். தேனில் குணம் உண்டு என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால், ஒரு தேக்கரண்டித் தேன் சீனியைவிடக் கனமானது. அதில் ஏறத்தாழ 20 கலோரி. தேநீரில் மூன்று கரண்டி தேன் ஊற்றிவிட்டு எடை குறையும் என்று காத்திருப்பது, தேனின் மீது நாம் சுமத்தும் பொய். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சம்பழப் பாகும் இதே கணக்கில்தான் வரும்.

நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களுக்கு இது அழகு குறித்த பேச்சு அல்ல. அதே உயரமும் அதே எடையும் உள்ள ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் கொழுப்பின் பங்கு அதிகம். அதுவும் வயிற்றைச் சுற்றி அதிகம். கையும் காலும் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்வந்து நிற்பவரை நாம் "ஒல்லியானவர்" என்றே சொல்லிக்கொண்டிருப்போம். ஆகவேதான் நம்மவர்க்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. எடைத் தராசை மட்டும் பார்ப்பதைவிட, தையற்காரரின் அளவு நாடாவை வீட்டில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விலையும் இனிப்பூட்டிப் புட்டியைவிடக் குறைவு.

அப்படியானால் இனிப்பூட்டியை என்ன செய்வது? நம் கருத்தைச் சொல்கிறோம். நாள்தோறும் சீனிக் குளிர்பானமோ, பத்துக் கரண்டி சீனியோ உட்கொண்டு வந்தவர், அதை விடுவதற்குச் சில மாதம் இதை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்ளலாம். கால் முறிந்தவர் ஊன்றுகோல் பிடிப்பதில் குற்றமில்லை. கால் நலமான பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கால் பலவீனப்படும். நாவும் அப்படியே. சீனியைவிடச் சாக்கரின் ஏறத்தாழ முந்நூறு மடங்கு இனிப்பானது. சுக்ரலோஸ் அறுநூறு மடங்கு. அந்த இனிப்பின் எதிர்பார்ப்பு நாவில் உயிரோடு இருக்கும்வரை, பெருநாள் வீட்டில் ஒரு தட்டு அல்வா முன்னால் வரும்போது நாம் பழைய மனிதர்தாம். சீனியே அதிகம் சேர்க்காதவர், "எடை குறையுமாமே" என்று புதிதாக இதைத் தொடங்க ஒரு காரணமும் இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் தம் மருத்துவரின் சொல்லைக் கேட்கட்டும். நம் கட்டுரையை அல்ல.

பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதில் நமக்கு உறுதி. நெதர்லாந்துச் சோதனையைப் படித்த பிறகும் இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நாள்தோறும் சீனிப் பானம் குடித்துவந்தவர்கள்; அவர்களுக்கு அது ஒரு இறக்கம். நம் பிள்ளைக்குத் தண்ணீரும் மோரும் இருக்க, டயட் பானத்தைப் பழக்குவது ஏற்றம். நம் நாட்டு டயட் பானங்களின் உறையிலேயே, குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற வரி மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது. வலீமா விருந்தில் பந்திக்குப் பந்தி புட்டிகளை அடுக்கி வைக்கும் நாம் அதைப் படிப்பதில்லை.

ரமளானில் இந்தச் சோதனை கடுமையாகிறது. பகல் முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்தாமல் நாவை அடக்கியவர், பாங்கு ஒலித்த அரை மணி நேரத்தில் ரோஸ் சர்பத், வடை, சமோசா, நோன்புக் கஞ்சி, பிறகு பிரியாணி என்று போகிறார். சர்பத்தை மட்டும் சீனியற்றதாக மாற்றிவிட்டால் நோன்பில் எடை குறையும் என்று நம்புகிறவர்களைப் பார்க்கிறோம். வயிற்றை மூன்று பங்காக வைக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை அறியாதவர் நம்மில் இல்லை. மூச்சுக்கென்று விடச் சொன்ன பங்கை நாம் டயட் கோலாவால் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

மச்சானின் கதையை முடிக்காமல் விட்டோம். புட்டியை எறிந்து ஏறத்தாழ நான்கு மாதம் அவர் எதுவும் செய்யவில்லை. பிறகு ஒருநாள் எங்கள் ராத்தா, அதாவது அவருடைய மனைவி, வாதம் எதுவும் செய்யாமல் தேநீர்க் கரண்டியை மாற்றினார். இரண்டு கரண்டி என்பது ஒன்றே முக்காலாயிற்று. இரண்டு வாரம் கழித்து ஒன்றரை. அவர் கண்டுபிடித்தபோது ஒன்றுக்கு வந்திருந்தது, சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஐந்து தேநீர் மூன்றாயிற்று. இஷாவுக்குப் பள்ளிவாசலுக்கு வண்டியில் போவதை நிறுத்தி நடக்கத் தொடங்கினார்; போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். இரவுச் சோறு பாதியாயிற்று. இப்போது பத்து மாதம் ஆகிறது. இடுப்பு 38 அங்குலம். தேநீரில் அரைக் கரண்டி சீனி, அசல் சீனி. கல்லீரலின் நிலை அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். ஷவ்வாலில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமி வடையை நீட்டுவதை இன்னும் விடவில்லை. இப்போது ஒன்றுதான் நீட்டுகிறார். அதையும் சில நாள்களில் மச்சான் பாதியாகப் பிய்த்து, மறுபாதியை அவருடைய தட்டிலேயே வைத்துவிடுகிறார்.